ஜப்பானுக்குக் கணிதம் சென்ற வழி

ஜப்பான் தேசத்தின் உயர்வைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் 1853-ம் வருஷத்திலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். அவ்வருஷம் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி நான்கு கப்பல்களுடன் எடோ விரிகுடாவில் புகுந்தார். பீரங்கிகளைக் கண்டு அத்தேசம் திடுக்கிட்டு விழித்தது. விழித்த மறுநாளே மேனாட்டுச் சாஸ்திரங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்தது என்று அவர்கள் சொல்லக் கேட்கிறோம். வேறொரு சாரார் இதற்கு நேர்மாறாகப் பேசுவர். இருநூறு வருஷம் கதவை அடைத்து வைத்திருந்ததனாலேயே அந்நாடு தன் வலிமையைக் காத்துக்கொண்டதென்றும், அந்நியக் கல்வி நுழையாமையே அதற்கு அரணாயிற்றென்றும் அவர்கள் வாதிப்பர். இவ்விரண்டு கூற்றுக்களும் சாட்சியத்தின் முன் நிற்கமாட்டா. ஐரோப்பியக் கணிதம் அந்நாட்டுக்குள் எவ்வாறு சென்றது என்ற ஒரு விஷயத்தை மாத்திரம் ஆராய்ந்தாலே இது விளங்கும்.

கணிதத்தை நாம் சாட்சியாக அழைப்பதற்குக் காரணம் உண்டு. துணியையும் துப்பாக்கியையும் விலைகொடுத்து வாங்கிவிடலாம். கணிதத்தை அவ்வாறு வாங்க முடியாது. ஒரு தேற்றம் கற்பவனுடைய சொந்த அறிவில் மறுபடியும் பிறந்தாலன்றி அவனுக்குச் சொந்தமாவதில்லை. ஆகவே ஒரு ஜனசமூகம் பிறரிடமிருந்து கல்வியை உண்மையிலேயே பெற்றதா, அல்லது பெற்றதாகப் பாவனை செய்ததா என்பதை அறிய இதனினும் நல்ல உரைகல் வேறில்லை.

முதல் கதவு பதினாறாம் நூற்றாண்டில் திறந்தது. 1543-ல் போர்ச்சுகீசியர் தனெகஷிமா தீவில் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தனர். 1549-ல் பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் கரையிறங்கினார்; அதற்கு முன் 1542 முதல் 1544 வரையில் நமது முத்துக்குளித்துறையில் பரதவரிடையே சமயத் தொண்டு புரிந்த அதே சவேரியார்தாம் அவர். அவரைப் பின்பற்றிச் சென்ற ஏசு சபைப் பாதிரிமார் தங்கள் கலாசாலைகளில் வான சாஸ்திரமும் போதித்தனர். 1593-ல் பெத்ரோ கோமெஸ் என்பவர் அங்கிருந்த மாணாக்கர்களுக்கென்றே வானமண்டல அமைப்பை விளக்கும் நூலொன்றை லத்தீனில் இயற்றினார். இத்தாலியில் கணிதம் பயின்று வந்த கார்லோ ஸ்பினோலா 1612 நவம்பரில் நாகசாகியில் சந்திர கிரகணத்தை அளந்தார். மக்காவில் எடுத்த அளவோடு அதனை ஒப்பிட்டு ஊர்களின் தீர்க்கரேகையை நிர்ணயிப்பது நோக்கம். ஆயினும் இந்த விதை வேரூன்றவில்லை. கணிதம் மதத்தின் கையைப் பற்றிக்கொண்டு வந்தது; மதமோ ராஜீய வழக்குகளில் சிக்கிக்கொண்டது. 1614-ல் கிறிஸ்தவ மதம் தேசமெங்கும் தடுக்கப்பட்டது. 1622-ல் ஸ்பினோலா நாகசாகியில் உயிரோடு எரிக்கப்பட்டார். ஆசிரியரோடு பாடமும் சாம்பலாயிற்று.

இனி அந்நாட்டார் சொந்தமாக வைத்திருந்த கணிதத்தைக் கவனிப்போம். வந்த வித்து எந்த நிலத்தில் விழுந்தது என்பது தெரியாமல் விளைச்சலைப் பற்றிப் பேசுவது வீண். 1627-ல் யோஷிதா மித்ஸுயோஷி என்பவர் "ஜின்கோகி" என்ற நூலை வெளியிட்டார். சீன நூலொன்றைத் தழுவி, மணிச்சட்டக் கணக்கு, நில அளவை, வட்டிக் கணக்கு முதலியவற்றைச் சாமானிய ஜனங்களுக்கு விளங்கும் நடையில் எழுதினார். ஒரு ஜோடி எலி மாதந்தோறும் பன்னிரண்டு குட்டி ஈன, குட்டிகளும் ஜோடி ஜோடியாக அவ்வாறே ஈன்றால் வருஷ முடிவில் எத்தனை எலி என்ற கணக்கு அதில் பிரசித்தம். விடை 2768 கோடியே 25 லட்சத்து 74 ஆயிரத்து 402. பின்பு 1641-ம் வருஷப் பதிப்பில் யோஷிதா விடை கொடாமல் சில கணக்குகளை நிறுத்தி, வல்லவர் விடுவிக்கலாம் என்று அறைகூவினார். விடுவித்தவர் தம் நூலில் புதிய கணக்குகளை நிறுத்தினார். இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் தேசம் முழுவதும் கணிதப் போட்டி பரவிற்று. கோயில்களிலும் கணக்குப் பலகைகள் காணிக்கையாகத் தொங்கின.

இந்நிலத்தில் தோன்றியவர்தாம் 1708-ல் காலஞ்சென்ற செகி தகாகசு. அணிக்கோவை என்று இன்று நாம் வழங்கும் முறையை அவர் 1683-ல் எழுதிவைத்தார். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் அதே கருத்தைக் கடிதமொன்றில் வரைந்தது அதற்குப் பத்து வருஷத்திற்குப் பின்னரேயாகும். அவருடைய சீடர் தகெபே கதாஹிரோ, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 1722-ல் நாற்பத்தோரு ஸ்தானம் வரையில் கணித்தார். இவையெல்லாம் சீனத்துப் பழைய பீஜ கணிதத்திலிருந்து அவர்கள் தாமே வளர்த்தவை. மேனாட்டுக் கல்வி வந்தபோது ஜப்பான் வெற்று நிலமாக இருந்ததில்லை.

இப்பொழுது தடைச் சட்டத்திற்கு வருவோம். 1630-ல் ஷோகன் சர்க்கார் ஒரு நூல் தடையுத்தரவு பிறப்பித்தது. சீனத்தில் தங்கிய ஏசு சபையார் சீன மொழியில் எழுதிய நூல்கள் இனி ஜப்பானுக்குள் வரலாகாது என்பது அதன் சாரம். தடைப்பட்ட நூல்கள் 32 என்று சொல்லப்படுகிறது. கற்ற ஜப்பானியர் அனைவரும் சீன எழுத்தைப் படிக்க வல்லவர்களாதலால், மதபோதனை அவ்வழியாக நுழையுமென்று அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சத்திற்குக் காரணமில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் அப்பட்டியலில் அடங்கியவை எவை? மதேயோ ரிச்சியும் ஷூ குவாங்சியும் சேர்ந்து 1607-ல் சீனத்தில் வெளியிட்ட யூக்ளிடின் க்ஷேத்திர கணிதம் ஆறு அத்தியாயங்களும், ஐரோப்பிய முறையில் எழுத்தால் கணக்கிடுவதைக் கற்பிக்கும் எண்கணிதமும், நில அளவை நூலும், நீர் இறைக்கும் யந்திரங்களைப் பற்றிய நூலுங்கூட அதில் அடங்கின. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்பதில் ராஜத்துரோகம் எங்கே உளது? எழுதியவன் இன்னான் என்பதற்காக எழுதப்பட்ட உண்மை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. சட்டம் பயின்றோர் எவரும் இத்தகைய உத்தரவின் குற்றத்தை எளிதில் அறிவர். குற்றம் இன்னது என்று வரையறுக்காமல், ஆளைச் சுட்டித் தண்டிக்கும் சட்டம் அது.

உத்தரவை நிறைவேற்றிய விதமும் அறியத்தக்கது. நாகசாகித் துறைமுகத்திற்கு வரும் சீனக் கப்பல்களின் புஸ்தக மூட்டைகளைப் பிரித்துப் படிப்பதற்கென்றே பரிசோதகர் அமர்த்தப்பட்டனர். குற்றமென்று கண்ட பக்கங்கள் மைபூசி அழிக்கப்பட்டன. நூல் எரிக்கப்படுவதும், கப்பல் சரக்கோடு திருப்பியனுப்பப்படுவதும் உண்டு. இந்தப் பரிசோதகர்களில் முதன்மையானவர் முகாய் கென்ஷோ என்ற பண்டிதர். இதில் ஒரு விநோதத்தைப் பாருங்கள். சித்திரவதைக்கு ஆற்றாமல் 1633-ல் மதத்தைத் துறந்து, ஜப்பானியப் பெயர் பூண்டு அங்கேயே வாழ்ந்த பெரேரா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார், ஐரோப்பிய வான சாஸ்திர நூலொன்றைச் சர்க்காருக்காக ஜப்பானிய மொழியில் சொல்லிவைத்தார். அதற்குக் கண்டனவுரை எழுதி, அதனாலேயே அதனைப் பின்வந்தோருக்குக் காத்துக்கொடுத்தவர் இந்த முகாய் கென்ஷோவே! நூல்களைத் தடுக்கும் உத்தியோகத்தில் இருந்தவர் கையாலேயே ஒரு நூல் உயிர்பிழைத்தது. 1685-ல் அவருடைய குடும்பத்தார் மற்றொரு தடைநூலைக் கப்பலொன்றில் கண்டுபிடித்தனர். அதன்பின் பரிசோதனை முன்னிலும் கடுமையாயிற்று.

இக்காலத்தில் ஜப்பானியர் கடல் கடந்து செல்வதும் தடைப்பட்டிருந்தது. 1635-ம் வருஷ உத்தரவின்படி, வெளியே சென்றவன் திரும்பினால் மரணம். ஹிராதோவில் ஜப்பானியத் தாய்க்கும் டச்சுத் தந்தைக்கும் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஹாலந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஹார்ட்ஸிங்கியஸ் என்ற இளைஞர், லெய்டன் சர்வகலாசாலையில் வான் ஸ்கூட்டனிடம் கணிதம் கற்றார். டெக்கார்ட்டின் க்ஷேத்திர கணிதத்திற்கு உரைசெய்த அப்பேராசிரியர், "ஜப்பானியர்" என்று குறிப்பிட்டே இம்மாணாக்கரைத் தம் நூலில் புகழ்ந்திருக்கிறார். ஆயினும் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. ஐரோப்பாவின் புத்தம்புதிய கணிதத்தை முதலில் கற்ற ஜப்பானியரின் கல்வியால் ஜப்பானுக்கு ஒரு காசு லாபமில்லை. செகி தகாகசு எடோவில் தனியே பாடுபட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

தடை எப்படித் தளர்ந்தது? தத்துவ விசாரத்தால் அன்று, பஞ்சாங்கத்தால். 862-ல் சீனத்திலிருந்து பெற்ற பஞ்சாங்கத்தையே ஜப்பான் எண்ணூறு வருஷத்திற்குமேல் பின்பற்றி வந்தது. பிழை இரண்டு நாள் அளவுக்கு ஏறிவிட்டது. 1685-ல் ஷிபுகாவா ஹருமி புதிய பஞ்சாங்கம் வகுத்தார். அதையும் திருத்தவேண்டுமென்று 1716-ல் பதவியேற்ற ஷோகன் யோஷிமுனே விரும்பினார். விவசாயத்திற்கும் அரசின் மரியாதைக்கும் ஆதாரமான பஞ்சாங்கம் பொய்க்கலாகாது என்பது அவர் கவலை. அவர் நகானே கென்கெய் என்ற கணிதரை விசாரித்தார். சீனத்துப் புதிய பஞ்சாங்க முறைகள் மேனாட்டிலிருந்து வந்தவை. அவற்றை விளக்கும் நூல்கள் நமது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றன. தடையை நெகிழ்த்தாமல் வித்தை வளராது என்று நகானே அஞ்சாமல் விண்ணப்பித்துக்கொண்டதாக வரலாறு கூறும். 1720-ல் மதபோதனை இல்லாத நூல்களை இறக்க அனுமதி அளிக்கப்பட்டது. தொண்ணூறு வருஷத்துப் பூட்டு அவ்வளவில் திறந்தது.

சீனக் கணிதர் மெய் வென்திங் இயற்றிய நூற்றொகுதி 1726-ல் வந்து சேர்ந்தது. நகானே அதற்கு ஜப்பானியர் படிக்கத்தக்க வாசிப்புக் குறிகள் இட்டார்; முதிர்ந்த வயதிலிருந்த தகெபேயின் முன்னுரையுடன் 1733-ல் அது ஷோகனிடம் சமர்ப்பிக்கப்பட்டது. ஐரோப்பியத் திரிகோண கணிதம் ஜப்பானில் பரவியது இவ்வழியாகவே. லாகரிதம் என்னும் மடக்கைக் கணிதமும் இவ்வாறே, 1723-ல் சீனச் சக்கரவர்த்தி வெளியிட்ட பெருநூலின் வாயிலாக வந்தது. அஜிமா நவோநோபு அதைக் கற்றதோடு நில்லாமல், மடக்கை அட்டவணை கணிப்பதற்குத் தாமே ஒரு முறையும் வகுத்தார். லிஸ்பனிலிருந்து பீக்கிங்குக்கும், பீக்கிங்கிலிருந்து நாகசாகிக்கும் சுற்றிவளைத்து வந்த கல்வி இது. பாதை நெடியதாயினும், கற்பவன் முன்பே அறிந்த மொழியில் வந்தமையால் கைக்கு உடனே எட்டிற்று.

ஆனால் யோஷிமுனேயின் நோக்கம் முற்றுப்பெறவில்லை. 1751-ல் அவர் இறந்தபின், பஞ்சாங்க உரிமையைப் பரம்பரைப் பாத்தியமாகக் கொண்டிருந்த கியோத்தோ அரண்மனைக் குடும்பத்தார் அவ்வேலையைத் தம் வசமாக்கிக்கொண்டனர். 1755-ல் அவர்கள் வெளியிட்ட பஞ்சாங்கம் 1763-ம் வருஷத்துச் சூரிய கிரகணத்தைக் குறிக்கத் தவறிற்று. பட்டப்பகலில் சூரியன் மறைந்தது. சர்க்கார் பஞ்சாங்கமோ மௌனம் சாதித்தது! அக்கிரகணத்தை முன்கூட்டியே கணித்துச் சொன்னவர்களில் ஒருவர் கித்ஸுகி என்ற சிறிய சமஸ்தானத்தைச் சேர்ந்த அஸாதா கோரியு என்ற இளைஞர். தமது பிரபு வைத்தியப் பணியிலிருந்து விடுவிக்க மறுத்தபோது, 1772-ல் சமஸ்தானத்தை விட்டே ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, ஒசாகாவில் வைத்தியம் செய்து பிழைத்துக்கொண்டே இரவில் நக்ஷத்திரங்களை அளந்தார். தகாஹாஷி யோஷிதோகி என்ற சிறு உத்தியோகஸ்தரும், ஹஸாமா ஷிகெதோமி என்ற அடகுக்கடை முதலாளியும் அவருக்குச் சீடராயினர். கெப்ளரின் நீள்வட்ட முறையைச் சூரிய சந்திரர்க்குப் பிரயோகித்த 1742-ம் வருஷத்துச் சீன நூலை இவர்கள் ஊன்றிப் படித்தனர். கடைசியில் சர்க்காரே இவர்களைத் தேடி வந்தது. 1798-ல் அமுலுக்கு வந்த பஞ்சாங்கம் யோஷிதோகியும் ஷிகெதோமியும் வகுத்ததாகும். பரம்பரைப் பாத்தியத்தை ஒரு கிரகணம் தோற்கடித்தது.

இரண்டாவது வழி தெஜிமா. போர்ச்சுகீசியர் 1639-ல் வெளியேற்றப்பட்டபின், 1641 முதல் டச்சு வர்த்தகர் மாத்திரம் நாகசாகித் துறையில் கட்டிய இந்தச் செயற்கைத் தீவில் அடைத்து வைக்கப்பட்டனர். மூன்று நான்கு ஏக்கருக்கு மேற்படாத இத்துண்டு நிலமே ஐரோப்பாவை நோக்கிய ஒரே ஜன்னல். இங்கே துபாஷித் தொழில் சில குடும்பங்களின் குலத்தொழிலாயிருந்தது. சரக்குக்கு விலை பேசுவதே அவர்கள் வேலை. அவர்களில் மோதோகி யோஷிநாகா கோப்பர்னிக்கஸின் சித்தாந்தத்தை 1774 முதலாகத் தம் மொழிபெயர்ப்புகளில் அறிமுகப்படுத்தினார். அவருக்குப்பின் வந்த ஷிஸுகி ததாவோ நோயின் காரணமாக இளமையிலேயே துபாஷி உத்தியோகத்தை விட்டவர். நியூட்டனின் சித்தாந்தத்தை விளக்கி ஜான் கீல் லத்தீனில் எழுதிய நூலின் டச்சு மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு, 1798 முதல் 1802 வரையில் மூன்று பாகங்களாக அதனை ஜப்பானிய மொழியில் தந்தார்.

இவ்வேலையின் அருமையை நேயர்கள் சிந்திக்கவேண்டும். புவியீர்ப்பு என்ற கருத்தே இல்லாத மொழியில் நியூட்டனைச் சொல்லவேண்டும். அகராதி இல்லை, கேட்டறிவதற்கு ஆசிரியர் இல்லை. டச்சுச் சொல்லை அப்படியே ஜப்பானிய எழுத்தில் எழுதிவிட்டுத் தப்பியிருக்கலாம். ஷிஸுகி அவ்வாறு செய்யவில்லை. ஈர்ப்பு விசைக்கும், எடையைத் தரும் விசைக்கும், மையத்தை விட்டு விலகும் விசைக்கும் சீன எழுத்துக்களை இணைத்துப் புதுச் சொற்கள் படைத்தார். அவர் படைத்த சொற்களை ஜப்பானியப் பள்ளிச் சிறுவர் இன்றும் பாடப்புஸ்தகத்தில் படிக்கின்றனர். நோயாளியான ஒரு துபாஷி நாகசாகியின் மூலையில் அமர்ந்து செய்த காரியம், பிற்காலத்தில் எத்தனையோ ஆசிரியர்களின் உழைப்பை மிச்சப்படுத்திற்று.

இவ்விரு வழிகளும் ஓரிடத்தில் கூடின. 1803-ல் பிரெஞ்சு வான சாஸ்திரி லாலாந்தின் நூலின் டச்சு மொழிபெயர்ப்பு தகாஹாஷி யோஷிதோகியின் கைக்குச் சில நாள் இரவலாகக் கிடைத்தது. அவருக்கு டச்சு மொழிப் பயிற்சி மிகக் குறைவு. படங்களையும் எண்களையும் கொண்டு பொருளை ஊகித்தார். பின்பு சர்க்கார் அந்நூலை விலைக்கு வாங்கவே, இரவும் பகலும் அதிலேயே மூழ்கினார். அவருடைய மாணாக்கர் இனோ ததாதகா, சாராயம் வடிக்கும் வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஐம்பதாம் வயதில் கணிதம் கற்க வந்தவர். ஆசிரியர் அவரினும் பத்தொன்பது வயது இளையவர். இனோ 1800-ல் நாட்டை அளக்கப் புறப்பட்டு, காலால் நடந்து, பூமியின் ஒரு பாகைக்கு 28.2 "ரி" தூரம் என்று கண்டிருந்தார். லாலாந்தின் நூலில் கண்ட அளவும் அதற்கு ஒத்திருந்ததை அறிந்து ஆசிரியரும் மாணாக்கரும் ஆனந்தப்பட்டனர். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் அதில் பிழை ஆயிரத்தில் சுமார் இரண்டு பங்கே. அந்நிய நூல் அவர்களுக்கு எஜமானாக வரவில்லை; தம் உழைப்பால் கண்டதைச் சரிபார்த்துக் கொடுத்த சகபாடியாக வந்தது. யோஷிதோகி 1804-ல், நாற்பது வயது நிறையுமுன் இறந்தார்.

இத்தகைய குடும்பத்திற்குச் சர்க்கார் செய்த கைம்மாறு என்ன? யோஷிதோகியின் புதல்வர் தகாஹாஷி ககெயாசு தந்தையின் பதவியை ஏற்று, 1811-ல் மேனாட்டு நூல்களை மொழிபெயர்க்கும் சர்க்கார் நிலையத்தை ஏற்படுத்தினார். தெஜிமாவுக்கு வந்த வைத்தியர் சீபோல்டு, ருஷ்யக் கடலோடி குரூசென்ஸ்டெர்னின் பிரயாண நூலை வைத்திருந்தார். அதற்குப் பதிலாக இனோவின் தேசப்படத்தின் பிரதியை ககெயாசு கொடுத்தார். 1828-ல் விஷயம் வெளியாயிற்று. ககெயாசு கைதியாகி 1829-ல் சிறையிலேயே மாண்டார். அவருடைய பிரேதத்தை உப்பிட்டுக் காத்துவைத்து, மறுவருஷம் அதன்மீது மரண தண்டனை விதித்தனர்! செத்தவன்மேல் தீர்ப்புக் கூறும் அரசாங்கம் தன் பலத்தையா காட்டிற்று? தன் பயத்தை அல்லவா காட்டிற்று. நூலைத் தேடிய குற்றத்திற்காக, அந்நாட்டின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு நிலையத்தின் தலைவரை அது இழந்தது.

பூட்டுப் போட்டது அரசாங்கம் மாத்திரமன்று என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். செகியின் பரம்பரையினர் தம் முறைகளை இரகசியமாகக் காத்து, படிப்படியாக ஐந்து தரமான அத்தாட்சிகளின் வழியாகவே சீடர்க்கு வெளியிட்டனர். 1769-ல் குருமே சமஸ்தானத்தின் பிரபு அரிமா யோரியுகி அந்த இரகசிய பீஜ கணிதத்தை அச்சில் வெளியிட்ட பின்னரே அது பலர்க்கும் எட்டிற்று. மேலும் அவர்களுடைய கணிதம் வட்டத்துக்குள் வட்டம் எழுதும் அழகிலேயே பெரிதும் மகிழ்ந்தது. விசையையும் இயக்கத்தையும் அது தொடவில்லை. நியூட்டனைக் கற்ற துபாஷியும் நுண்கணிதம் அறிந்த செகி பரம்பரையினரும் ஒரே மேஜையில் அமர்ந்திருந்தால் என்னென்ன விளைந்திருக்குமோ! தனித்தனிக் குடும்பங்களிலும் குருகுலங்களிலும் வித்தையைப் பூட்டிவைத்த வழக்கம் அவர்களைச் சந்திக்கவொட்டாமல் தடுத்தது.

இனி பெர்ரியின் கப்பல்களுக்கு வருவோம். 1855-ல் நாகசாகியில் கடற்படைப் பயிற்சிச் சாலை தொடங்கி, டச்சு அதிகாரிகள் நேரில் வந்து மாலுமிக் கணிதம் போதித்தனர். அங்கே கற்றவர் யார்? பழைய முறைக் கணிதத்தில் தேறிய ஓனோ தோமோகோரோ அவர்களில் ஒருவர். ஐந்தே வருஷத்தில், 1860-ல் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற "கன்ரின் மாரு" கப்பலில் இடம் கணித்தறியும் பொறுப்பு அவருடையதாயிற்று. 1857-ல் யனகாவா ஷுன்சான் மேனாட்டு எண்கணிதத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். 1859-ல் சீனத்தில் லீ ஷன்லானும் ஆங்கிலேயர் வைலியும் மொழிபெயர்த்த பீஜ கணிதமும் கால்குலஸ் என்னும் நுண்கணிதமும் வந்து சேர்ந்தன. அத்துறைகளுக்கு இன்றும் ஜப்பானில் வழங்கும் பெயர்கள் அந்நூல்களிலிருந்து எடுத்தவையே. பீரங்கி முழங்கிய பின்னரும் பழைய சீன வழி தூர்ந்துவிடவில்லை. பீரங்கி அவசரத்தை உண்டாக்கிற்று என்பது உண்மை. ஆனால் அவசரம் வந்தபோது படிக்கத் தெரிந்தவர் நூறாண்டாகத் தயாராயிருந்தனர்.

1872-ம் வருஷக் கல்விச் சட்டம் பள்ளிகளில் மேனாட்டுக் கணிதத்தையே போதிக்கவேண்டுமென்று விதித்து, பழைய கணிதத்தை ஒதுக்கிற்று. முன்பு அந்நியக் கணிதத்தைத் தடுத்தது போலவே இப்பொழுது சுதேசக் கணிதத்தை ஓர் உத்தரவால் வெளியேற்றினர். இது அவசரம் மிகுந்த தீர்ப்பு என்பதே நமது அபிப்பிராயம். புதிய கணிதத்தைக் கற்பிக்கப் பழைய கணிதர்களைத் தவிர வேறு ஆசிரியர் இல்லாமையால், சட்டம் ஒதுக்கியவர்களே சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தனர். மணிச்சட்டமும் விரைவிலேயே பள்ளிக்குள் திரும்பிற்று. 1877-ல் கந்தா தகாஹிராவும் யனாகி நாராயோஷியும் தோக்கியோ கணித சங்கத்தை நிறுவியபோது, அங்கத்தினரில் பலர் பழைய முறையினரே. அச்சங்கத்தார் 1880 முதல் கூடிக்கூடி விவாதித்து, ஒவ்வொரு கணிதச் சொல்லுக்கும் ஒரே ஜப்பானியப் பெயரை நிர்ணயித்தனர். அதே 1877-ல் கேம்பிரிட்ஜில் தேறித் திரும்பிய கிகுச்சி தைரோகு, தோக்கியோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியரானார். 1888-ல் அவர் க்ஷேத்திர கணிதத்தைத் தம் தாய்மொழியிலேயே பாடநூலாக எழுதினார். ஆங்கிலத்தில் கற்றவர் ஆங்கிலத்திலேயே கற்பித்துப் பெருமை கொண்டிருக்கலாம். அவர் தம் தேசத்துச் சிறுவனை நினைத்தார்.

இதன் பயனை ஒரே உதாரணத்தால் காட்டி முடிக்கிறோம். 1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்டபோது ஜப்பானுக்கு ஜெர்மானிய நூல்கள் வருவது நின்றது. ஹில்பெர்ட்டிடம் கற்றுத் திரும்பியிருந்த தகாகி தெய்ஜி தோக்கியோவில் தனித்திருந்து ஆராய்ந்தார். 1920-ல் எண்களின் வகுப்புக் களக் கொள்கையை நிலைநாட்டும் அவருடைய நூலைக் கண்டு ஐரோப்பியக் கணிதர்களே அதனைக் கற்கத் தொடங்கினர். 1630-ல் நூல்கள் நின்றபோது க்ஷேத்திர கணிதம் நாட்டுக்குள் அடியெடுத்து வைக்கவே தொண்ணூறு வருஷம் சென்றது. 1914-ல் நூல்கள் நின்றபோதோ அங்கிருந்து புதிய நூல் வெளியே சென்றது. இவ்விரண்டு காலத்திற்கும் இடையே நேர்ந்த மாறுதலுக்குப் பெர்ரி எவ்வளவு காரணம், நகானேயும் ஷிஸுகியும் யோஷிதோகியும் எவ்வளவு காரணம் என்று நேயர்களே தீர்ப்புக் கூறலாம்.

நமது தீர்ப்பு இது. கதவை அடைத்ததனால் ஜப்பான் வளரவில்லை. அடைத்த கதவின் இடுக்கு வழியாக ஒளியைத் தேடியவர்களால் வளர்ந்தது. பீரங்கி எந்த ஜனசமூகத்திற்கும் கணிதம் கற்பித்ததில்லை. தனக்கு வேண்டியதைத் தானே உணர்ந்து, தானே தேடி, தன் மொழியில் எழுதிக்கொண்ட கல்வியே ஒரு தேசத்திற்குச் சொந்தமாகும். நூல்களுக்கு அஞ்சும் அரசாங்கம் எந்தக் கொடியின்கீழ் இருந்தாலும், எந்தக் காலத்திலிருந்தாலும், தன் பிரஜைகளின் ஆயுளில் தொண்ணூறு வருஷத்தைத் திருடுகிறது. அதை எதிர்த்து, நகானேயைப் போல அதிகாரத்தின் முன் நின்று "இந்தத் தடை நீங்கினாலன்றி வித்தை வளராது" என்று சொல்லும் ஒருவனும், ஷிஸுகியைப் போல விளக்கடியில் அமர்ந்து ஒரு புதிய சொல்லை ஆக்கும் ஒருவனும் இருக்கும்வரையில் எந்த ஜனசமூகமும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை.